கிடைத்தால் திருப்பித் தர வேண்டும்

சோள மடலில் மாவைப் பொதிந்து அவித்த தமாலே எனக்கு மிகவும் பிடிக்கும், மேடம். வாங்கிக் கொடுக்கத்தான் பிடிக்காது.

என் அலமாரியிலிருந்து எடுத்துவந்த கண்ணாடிப் பாட்டிலைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். அதற்குள் முப்பத்தொரு பிளாஸ்டிக் பொம்மைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் விரல்நுனி அளவு. உங்கள் உதவியாளர் அதைப் பார்த்த பார்வையிலேயே அவர் மனதில் என்னென்னவோ ஓடுகிறது என்று தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை. ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வெட்டுகிற ரொட்டிக்குள் வைக்கும் பொம்மைகள்தான் அவை. யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர் ராசிக்காரர், ஆனால் பிப்ரவரி இரண்டாம் தேதி அவரே அத்தனை பேருக்கும் தமாலே வாங்கித் தர வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும்.

எனக்கு இடது கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை. பொம்மை அந்த இடத்தில் கச்சிதமாக உட்காரும். மேலே ஒரு வாய் சாக்லேட் பானம் குடித்து, நாலு வார்த்தை சிரித்துப் பேசி, வீட்டுக்குப் போய்த் துப்பிவிடுவேன். முப்பத்தொரு தடவை. எவரிஸ்தோ பன்டோஹாவுக்குப் பொம்மையே வராது, அவ்வளவு ராசியில்லாத ஆள் என்று எங்கள் தெருவில் எனக்காகப் பரிதாபப்படுவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வழக்கத்தில் ஒரு நியாயம் பிடிபடவில்லை. ஒளித்து வைத்தவர் சும்மா இருக்கிறார், கண்டெடுத்தவர் தண்டம் கட்டுகிறார்.

நடந்ததையெல்லாம் ஆரம்பத்திலிருந்து வாக்குமூலமாக என் கைப்பட எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். என்னைப் பொறுத்தவரை ஆரம்பம் அந்தப் பல் இடுக்குதான். அதனால் அதையும் எழுதினேன்.

என் தொழில் பாத்திரம் விற்பது. தமாலே அவிக்கும் அலுமினியப் பானைகள், மூன்று அளவு. முன்பு சந்தையில் கூவி விற்றேன். ஒன்பது வருடமாக இணையத்தில், ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் விற்கிறேன். நாங்கள் சரக்கை மொத்தமாக நிறுவனத்தின் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும். ஆர்டர் வந்தால் அவர்களே எடுத்து, கட்டி, அனுப்புவார்கள். அந்தக் கிடங்கு கௌதித்லானில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிட தூரம். உள்ளே போனால் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் பொருள் தொலையத்தான் செய்யும். நசுங்கவும் செய்யும். அலுமினியம் என்பது பார்த்தாலே நசுங்குகிற சாமான்.

ஒரு வருடம் பன்னிரண்டு பானைகள் தொலைந்தன. மற்றவர்களாக இருந்தால் கிடங்குக்காரனைத் திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். நான் நிறுவனத்தின் விதிகளை உட்கார்ந்து படித்தேன். தொலைந்தாலும் உடைந்தாலும் அவர்கள் ஈடு கொடுக்க வேண்டும், ஆனால் நாம் கேட்க வேண்டும். வாங்கிய ரசீது, அனுப்பிய சீட்டு, கிடங்கு பெற்றுக்கொண்டதாகப் போட்ட கையெழுத்து, எல்லாம் குறித்த நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பதினோரு நாளில் ஏழு தடவை ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று பதில் வந்தது. எட்டாவது தடவை பணம் வந்தது.

மூன்று மாதம் கழித்து அதில் நாலு பானைகள் ஏதோ அடுக்குக்குப் பின்னால் கிடைத்துவிட்டன. உடனே நாலுக்கான பணத்தை என் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். விதி அப்படி. தொலைந்த பொருள் பிற்பாடு கிடைத்தால் கொடுத்த ஈட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். தொலைந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். கிடைத்தபோதுதான் வந்தது.

விஷயம் பரவி, எங்கள் வட்டாரத்தில் இணையத்தில் விற்கிறவர்கள் எல்லாம் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் செருப்பு விற்கும் தொரீபியோ.

“யோவ் எவரிஸ்தோ, தொலஞ்சது கெடைக்கணும்னு புனித அந்தோணியாரத் தலைகீழா நிக்க வச்சு மூணு வாரமாச்சு. என் நாப்பது ஜோடி செருப்பு இன்னும் வரல. பேசாம உன்னத் தலைகீழா நிக்க வைக்கலாமான்னு பாக்குறேன்” என்றார்.

“நான் நிமுந்து நின்னே எழுதுவேன். வர்ற பணத்துல கால் பங்கு குடுத்துரு.”

“அடப்பாவி. அந்தோணியார் ஒரு மெழுகுவத்திக்கே செய்வாருய்யா.”

“அதான் மூணு வாரமா வரல.”

தொரீபியோவுக்கு நாற்பது ஜோடிக்கும் பணம் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகு தொலைந்ததை மீட்பவர் என்று எனக்குப் பெயரே வந்துவிட்டது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் எல்பீதியா என்னைத் தேடி வந்ததற்கு இதுதான் காரணம் என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்பீதியா என் பக்கத்து வீடு. கணவர் இல்லை. வாசலில் அடுப்பு போட்டுச் சோளரொட்டி சுட்டு விற்பார். அவருடைய ஒரே மகள் சித்லாலிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தூக்கிப் பிடித்தவன் நான். அதனால் எல்பீதியாவுக்கு நான் கொம்பாத்ரே, அவர் எனக்குக் கொமாத்ரே; பிள்ளைக்கு நான் ஞானத்தகப்பன், பத்ரீனோ. முதல் காலணி நான் வாங்கிக் கொடுத்தது. இருபத்திரண்டு வயதில் கிடங்கில் வேலை கிடைக்கச் சிபாரிசுக் கடிதம் எழுதியதும் நான்தான். லாரியிலிருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணிப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுகிற வேலை.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே மறதிதான். இருபத்துநாலு பெட்டி என்று சீட்டு எழுதியிருந்தேன், ஆனால் இரண்டு பெட்டியை முற்றத்தில் விட்டுவிட்டு வண்டி போய்விட்டது. போன் செய்து சொல்லலாம் என்று எடுத்தேன். அதற்குள் கிடங்கிலிருந்து இருபத்துநாலும் வந்து சேர்ந்தன என்று செய்தி வந்துவிட்டது. கீழே சித்லாலியின் கையெழுத்து. அவள் எண்ணவில்லை. மூன்று வாரம் கழித்து இரண்டு பெட்டியைக் காணோம் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். நான் கோரிக்கை எழுதினேன், பணம் கொடுத்தார்கள். முற்றத்துப் பெட்டிகளைச் சந்தையில் விற்றேன். இதில் நானாகச் செய்தது அந்தக் கோரிக்கை மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லோடிலும் இரண்டு பெட்டி முற்றத்திலேயே தங்கிவிடும். மறப்பதும் ஒரு பழக்கம்தான். பதினாலு மாதம் நடந்தது.

ஒரு நாள் கிடங்கிலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல மரியாதை தெரிந்தவர். பெட்டிகள் ஒரே ஆளின் கையெழுத்தில் மட்டும் காணாமல் போகின்றன, விசாரிக்கிறோம், நீங்கள் ஒவ்வொரு தடவையும் இருபத்துநாலு பெட்டி அனுப்பினீர்களா என்று கேட்டார். சீட்டில் இருப்பதுதான் என்றேன். எழுதித் தாருங்கள் என்றார். ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அவருக்கு ஒரு டம்ளர் செம்பருத்தித் தண்ணீரும் கொடுத்தேன்.

மறுநாள் மாலை சித்லாலி வந்தாள். கிடங்குச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம், உள்ளே போட்டிருந்த பனியனோடு வந்திருந்தாள்.

“பத்ரீனோ, உங்க லோடுல மட்டும் எப்பவும் ரெண்டு பெட்டி கொறையுதாம். நான் எடுத்துட்டேங்கிறாங்க. சம்பளமும் கிடையாதாம், போலீசுக்குப் போகாம விட்டதே பெருசாம்.”

“நீ எடுத்தியா?”

“என்ன பத்ரீனோ இப்படிக் கேக்குறீங்க.”

“எண்ணினியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “உங்க சரக்க நான் எப்படி எண்ணுவேன்? உங்களச் சந்தேகப்படுற மாதிரி இருக்காதா?”

“தப்பு கண்ணு. இனிமே யார் சரக்கா இருந்தாலும் எண்ணு” என்றேன். இன்றைக்கும் அது நல்ல புத்திமதி என்றுதான் நினைக்கிறேன்.

தெருவில் திருடி என்றார்கள். எல்பீதியா ரோஷக்காரர். அவர் வாசலில் ரொட்டி வாங்க நின்ற ஒருத்தி ஏதோ ஜாடையாகச் சொல்லிவிட்டாள். அன்று மகள் மாவைத் தொடப்போனபோது, “திருட்டுக் கைய வச்சுக்கிட்டு என் மாவத் தொடாத” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். எங்கள் சுவர் வழியாக எனக்கே கேட்டது. அந்த வார்த்தையை அவர் சாகிற வரைக்கும் மறக்கவில்லை, மேடம். அது என் வார்த்தை இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் சித்லாலி வடக்கே போகிறேன் என்றாள். திஹுவானாவுக்கு பஸ் டிக்கெட் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வழிக்கு மட்டும்தான் வாங்கினேன், திரும்பும் தேதி தெரியாதல்லவா. “அம்மாகிட்ட சொல்லாதீங்க, ஒரு வேலை கெடச்சு நிமுந்ததும் நானே பேசுறேன்” என்றாள். அவள் கேட்டுக்கொண்டபடி நான் சொல்லவில்லை. வழியிலேயே அவள் போனைத் திருடிவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எட்டு மாதம் எனக்கும் அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த எட்டு மாதமும் நான் நிரபராதி என்றே சொல்லலாம்.

ஜூன் மாதத்தில் எல்பீதியா வந்தார். கையில் மாவு காயாமல் அப்படியே ஒட்டியிருந்தது.

“கொம்பாத்ரே, ஊரு பூரா தொலச்சத நீங்க மீட்டுக் குடுக்குறீங்க. என் பொண்ண மீட்டுக் குடுங்க. உங்க கால் பங்க எப்படியாவது குடுத்துர்றேன்.”

இப்படிச் சொன்னவரை எப்படித் திருப்பி அனுப்புவது? காணாமல் போனவர்களுக்கான படிவத்தை வாங்கி நிரப்பினேன். வயது, உயரம், இடது புருவத்துக்கு மேல் மச்சம். கடைசியாகக் கண்டவர் என்ற இடத்தில் தாயார் என்று போட்டேன். பஸ் டிக்கெட்டைப் பற்றி அதில் கேள்வியே இல்லை. தொடர்புக்கு என் போன் நம்பரைக் கொடுத்தேன். எல்பீதியாவின் போனில் மாவு அப்பி அப்பி பாதி நேரம் மணியே அடிக்காது. சுவரொட்டியும் அடித்தோம், முகத்துக்குக் கீழே என் நம்பரோடு. ஊரெல்லாம் மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒட்டினோம். பசை காய்ச்சியது நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு மாநில நிதி ஒன்று இருப்பது தெரிய வந்தது. மாதாமாதம் கொஞ்சம் கொடுப்பார்கள். ஆள் இல்லை என்று முறையாக அறிவித்துவிட்டால் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பெசோ மொத்தமாக வரும். எல்பீதியா முதலில் கேட்கவே மறுத்தார்.

“பணத்த வாங்கிட்டா தேடுறத நிறுத்திக்கன்னு சொல்ற மாதிரி ஆயிரும் கொம்பாத்ரே.”

“தேடுறதுக்குத்தான் பணமே. பெட்ரோலுக்கு எங்க போவீங்க?”

ஆகஸ்டில் விண்ணப்பம் போட்டேன். கடைசிப் பக்கத்தைப் படித்தபோது, மேடம், எனக்குப் பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருந்தது. காணாமல் போனவர் பிற்பாடு கிடைத்துவிட்டால், கொடுத்த தொகை முழுவதையும் அரசு திருப்பி வாங்கிக்கொள்ளும்.

டிசம்பரில், விண்ணப்பம் முடிவாக மூன்று வாரம் இருக்கும்போது சித்லாலி போன் செய்தாள். போன் பறிபோனதில் எல்லா நம்பரும் போய்விட்டது. அவளுக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு நம்பர். பதினாலு மாதம் அவள் கையெழுத்துப் போட்டு இறக்கிய என் பெட்டிகள் ஒவ்வொன்றின் மேலும் அச்சடித்திருந்த நம்பர்.

திஹுவானாவில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுவதாகச் சொன்னாள். நல்லவனாக ஒருத்தன் கிடைத்திருக்கிறான், கூட இருக்கிறான் என்றாள். முகவரியைச் சொல்லச் சொல்ல வாங்கி எழுதிக்கொண்டேன். தொழில் பழக்கம், முகவரி இல்லாமல் எதையும் விட மாட்டேன்.

“அம்மா எப்படி இருக்காங்க பத்ரீனோ? இன்னும் எம்மேல கோவமா?”

சுவருக்கு அந்தப் பக்கம் எல்பீதியா மாவு தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“கோவந்தான். உன் பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போயிர்றா. கொஞ்ச நாள் போகட்டும், நானே பேசிச் சரி பண்றேன்.”

மூன்று வாரத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன். பணம் வந்தது. என் பங்கு எழுபதாயிரம். வந்த பணத்தை ஒரு மாதமாவது கையில் வைத்திருக்க வேண்டாமா? அடுத்த மாதம் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த மாதம் எல்பீதியா அவருடைய பங்கில் கூரையை மாற்றிவிட்டார். இப்போது போய் மகள் கிடைத்துவிட்டாள் என்றால் அந்த ஏழை எங்கே போய்த் திருப்பிக் கட்டுவார்? எனக்கே பாவமாக இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கூரைதான்.

சித்லாலி மாதம் ஒரு தடவை பேசுவாள். அம்மா மனம் இளகட்டும் என்று மாதாமாதம் எண்ணூறு, ஆயிரம் பெசோ என் பெயருக்கு அனுப்புவாள். அம்மா வாங்கிக்கொண்டாளா என்று கேட்பாள். வாங்கிக்கொண்டாள், ஆனால் ஒன்றும் பேசவில்லை என்பேன். அதில் ஒரு காசு நான் சாப்பிட்டதில்லை. அதையெல்லாம் பெட்ரோலுக்குத்தான் செலவழித்தேன்.

எந்தப் பெட்ரோல் என்றால், எல்பீதியா அதற்குள் பிள்ளைகளைத் தேடும் தாய்மாரோடு சேர்ந்துவிட்டார். பதினோரு பெண்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேனில் அவர்களை மலைச்சரிவுகளுக்குக் கூட்டிப்போவேன். ஆளுயர இரும்புக் கம்பியைச் சுத்தியலால் மண்ணுக்குள் இறக்கி, வெளியே இழுத்து, முனையை முகர்ந்து பார்ப்பார்கள். பிண வாடை வந்தால் தோண்டுவார்கள். எல்பீதியா முதல் நாள் முகர்ந்துவிட்டு வாந்தி எடுத்தார். ஒரு வருடத்தில் அவர்தான் எல்லோரிலும் நன்றாக முகரக் கற்றிருந்தார். நான் நிழலாகப் பார்த்து வேனை நிறுத்தி, தண்ணீர் கேன்களை இறக்கிவைப்பேன். மகள் அனுப்பிய பணத்தில்தான் மகளைத் தேடினோம். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அதற்கு எல்பீதியா என்று பெயர் வைத்திருந்த சமயத்தில் பெரிய எல்பீதியா ஒரு ஓடைக்கரையில் மண்ணை முகர்ந்துகொண்டிருந்தார்.

இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவை கம்பி வெளியே வரும்போதும் எனக்குத் திக்கென்று இருக்கும். ஒன்றும் இல்லை என்று தெரிந்திருந்தும் இருக்கும்.

இந்த வருடம் ஜனவரி ஆறாம் தேதி எல்பீதியா வீட்டில் ரொட்டி வெட்டினோம். பதினோரு பெண்களும் வந்திருந்தார்கள். அவர்களே ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டார்கள். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர் பிள்ளை இந்த வருடம் வீட்டுக்கு வரும் என்று. எல்பீதியா எனக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் சிரித்த முகமாக இருந்தார்.

“எங்க கொம்பாத்ரேக்கு ஜென்மத்துல பொம்ம வராது. தமாலே வாங்கணுமேன்னு பயந்தே அது ஓடிரும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். “பயப்படாதீங்க கொம்பாத்ரே. உங்களுக்கு வந்தா தமாலே செலவு என்னோடது. நீங்கதான அவளத் தூக்கி ஞானஸ்நானம் குடுத்தது? உங்க துண்டுல வந்தா அது என் சித்லாலி கணக்கு.”

இரண்டாவது கடியில் பொம்மை என் பல்லில் பட்டது.

செலவு என்னுடையது இல்லை என்று தெரியும், மேடம். ஒரு காசு நஷ்டமில்லை. வெளியே எடுத்துக் காட்டியிருந்தால் அந்த அம்மாள் ஒரு மாதமாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் நாக்கு அதற்குள் தன் வேலையைச் செய்துவிட்டது. இடது பக்கம் தள்ளி உட்காரவைத்துவிட்டது. நான் சாக்லேட்டைக் குடித்தேன்.

பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் துண்டைத் தின்று முடித்தார்கள். ஒருவருக்கும் வரவில்லை. தட்டில் மிஞ்சியிருந்த ரொட்டியையும் எல்பீதியா எடுத்து விரலால் உதிர்த்து உதிர்த்துப் பார்த்தார். கடைசியில் தூள்தான் இருந்தது.

“இல்லையே” என்றார். “பேக்கரிக்காரன் வைக்க மறந்துட்டான் போல.”

“அடுத்த வருஷம் வேற பேக்கரில வாங்கலாம்” என்று சொன்னேன். வாயில் பொம்மையோடு பேசினாலும் எனக்கு உச்சரிப்பு கெடாது. பாட்டிலில் இருப்பவற்றில் முப்பத்தொன்றாவது அதுதான்.

ஜனவரி இருபத்தெட்டு, ஞாயிறு. அன்று போன சரிவு கொஞ்சம் செங்குத்து. எல்பீதியா கம்பியோடு இறங்கும்போது கால் வழுக்கி ஓடைப் பாறைமேல் விழுந்தார். பெண்கள் தூக்கிக்கொண்டுவந்து வேனில் படுக்கவைத்தார்கள். இடமில்லாததால் ஒருத்தி மட்டும் பின்னால் ஏறினாள், தலையை மடியில் வைத்துக்கொள்ள. ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம். பாதி வழியில் எல்பீதியா பேசினார். பேச்சு தெளிவாக இருந்தது.

“கொம்பாத்ரே, அவ வந்தா சொல்லுங்க. மாவத் தொடாதன்னு சொன்னது வாய் தவறிச் சொன்னது. நெஜமாச் சொல்லல.”

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் சொல்லியிருக்கலாம். திஹுவானாவில் நன்றாக இருக்கிறாள், உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது, உங்கள் பெயர்தான் என்று பத்து வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதோடு எல்பீதியா பிழைத்துக்கொள்வார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிழைத்தால் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லுவார்.

“சொல்றேன் கொமாத்ரே” என்றேன். “பேசாம படுங்க.”

அவர் பேசாமல் படுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

அடக்கத்துக்கு ஆனதில் பாதி நான் கொடுத்தேன். ரசீது இருக்கிறது.

பிப்ரவரி இரண்டாம் தேதி ஒன்பது நாள் ஜெபத்தில் ஐந்தாம் நாள். எல்பீதியா வீட்டில் தரையில் சுண்ணாம்பால் சிலுவை போட்டு, சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று தமாலே நாள் என்பதால் தொரீபியோ எல்லோருக்கும் தமாலே கொண்டுவந்திருந்தார். அவிக்கப் பெரிய பானையை நான் இரவல் கொடுத்திருந்தேன். என் முற்றத்தில் நின்று பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தபோது கதவருகில் யாரோ நிற்பது தெரிந்தது. இடுப்பில் ஒரு குழந்தை. கையில் கிழித்தெடுத்த ஒரு சுவரொட்டி, மூலைகளில் காய்ந்த பசை.

என்னிடம் சொல்லாமல் வந்துவிட்டாள். குழந்தையைக் கண்ணில் காட்டினால் அம்மா கோபத்தை விட்டுவிடுவாள் என்று வந்தாளாம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதல் கம்பத்தில் தன் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

“காணோம்னு போட்டிருக்கு” என்றாள். “அம்மா தேடியிருக்காங்க.”

நான் நாடாவைக் கத்தரித்தேன்.

“கீழ இருக்கிறது உங்க நம்பர்தான பத்ரீனோ? நான் மாசாமாசம் பேசுற நம்பர்.”

“ஆமா.”

“அம்மா எங்க?”

பக்கத்து வீட்டிலிருந்து ஜெபம் கேட்டது. இறந்தவர் பெயரைச் சொல்லுகிற இடம் வந்தபோது அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இருந்தாலும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

“அஞ்சு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா கண்ணு.”

அவள் குழந்தையைக் கீழே விட்டாள். முற்றத்தில் அடுக்கியிருந்த என் பெட்டிகளை விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வரை எண்ணினாள். பிறகு சுவரோரம் தனியாக வைத்திருந்த இரண்டையும் சேர்த்து இருபத்துநாலு என்று எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் உங்களிடம் வந்து சொன்ன பிறகுதான் உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

மேடம், குற்றப் பத்திரிகையில் ‘காணாமல் போன பெண்’ என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. எங்கே இருக்கிறாள் என்று ஒருவருக்காவது தெரிந்திருந்தால் அவள் காணாமல் போனவள் ஆக மாட்டாள். எனக்குத் தெரியும். தொலைந்ததை மீட்டுத் தரும் என்னிடம் அவள் பத்திரமாகத்தான் இருந்தாள். நான் ஒருவரையும் பூட்டிவைக்கவில்லை, யாரையும் தள்ளிவிடவில்லை. பெட்டி விஷயத்தில் அந்த ஒரு வரி எழுதியது தவறு, ஒப்புக்கொள்கிறேன். போனில் சொன்னது பொய், அதையும் ஒப்புக்கொள்கிறேன். வேனில் சொல்லாமல் விட்டதற்கு உங்கள் சட்டத்தில் பிரிவு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிதி அலுவலகத்துக்குச் சேர வேண்டிய பணத்தைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். நான் பெற்றது கால் பங்கு. எழுபதாயிரத்தையும் திருப்பிக் கட்டச் சம்மதிக்கிறேன், விதி என்றால் விதிதான். மீதி இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தைப் பெற்றவர் எல்பீதியா. அவர் இப்போது இல்லை, வாரிசு சித்லாலி ஒருத்திதான். கிடைத்தவளும் அவளே. ஆகவே அந்தத் தொகைக்கான நோட்டீஸை அவள் பெயருக்குத்தான் அனுப்ப வேண்டும். ஒன்பது நாள் ஜெபம் முடிந்ததும் குழந்தையோடு ஊர் திரும்பிவிடுவாள் என்று நினைக்கிறேன்.

லாஸ் ஹிகேராஸ் தெரு, எண் 214, பின்கட்டு, நீலக் கதவு, திஹுவானா.

சரிபார்க்க வேண்டியதில்லை, மேடம். அவள் முதல் தடவை போன் செய்த நாளிலிருந்து இந்த முகவரி எனக்கு மனப்பாடம்.